இடப்பக்கத்து மருமகள்

குஞ்சம்மாவின் பிடிவாதம் தெரியாதவர் யாராவது அம்பகரத்தூரில் இருந்தால், அவர் நேற்றைக்குத்தான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்க வேண்டும். காரைக்கால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த கிறிஸ்தவ வேதக்காரப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மகன் தியாகராசன் வாசலில் வந்து நின்ற அன்று, அவள் மாரில் அடித்துக்கொண்டு அழவில்லை. நேராகக் காளியம்மன் கோயிலுக்குப் போனாள். சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, "அவ முகத்துல நான் முழிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தாள். திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காததுபோல மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

தியாகராசனும் ஆரோக்கியசெல்வியும் காரைக்காலில் வாடகைக்குக் குடிபோனார்கள். ஒன்றரை வருடம் போக்குவரத்தே இல்லை. எண்பத்திரண்டாம் வருடம் ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, சாணம் தெளித்துக்கொண்டிருந்த குஞ்சம்மா அப்படியே வாசலில் சரிந்தாள். பக்கவாதம். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் விழவில்லை. அது விழும் என்று ஊரில் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

"நாம அங்க போயிடலாங்க" என்று சொன்னது ஆரோக்கியசெல்விதான். "மாமா ஒத்த ஆளா என்ன செய்வாங்க? நான் அங்கேருந்தே பஸ்ல வேலைக்குப் போய்க்கிறேன்."

"அம்மா என்ன சொல்லும்னு தெரியுமில்ல?"

"முகத்தத்தானே பாக்க மாட்டேன்னாங்க. கஞ்சி குடிக்க மாட்டேன்னு சொல்லலையே."

பேச்சு சாமர்த்தியமாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் அவளுக்கு ஓர் ஆசையும் இருந்தது. வயிற்றில் பிள்ளை தங்கியிருந்த சமயம் அது. விழுந்து கிடப்பவளைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, சோறு போட்டால் எந்த மனசும் இளகாமலா போகும் என்று நினைத்தாள்.

கூடத்தில் கயிற்றுக் கட்டிலைக் கிழக்குச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்பதால் தெற்கே தலை. அப்படிப் படுத்தால் வலப்பக்கம் சுவர் வரும். இடப்பக்கம் வாசல், அடுப்படி, நடமாட்டம் எல்லாம். கால்மாட்டில், சுவர் மூலையில் ஒரு முக்காலி. அதில் மாமனார் கருப்பையன் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். தியாகராசன் வந்தால் அவனும் அங்கேதான் கட்டிலில் ஒண்டிக்கொள்வான். மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் போய் நிற்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆகவே ஆரோக்கியசெல்வி வாசல் பக்கத்திலிருந்து வருவாள், வாசல் பக்கமாகவே போவாள்.

குஞ்சம்மா சுவரைப் பார்த்தே கிடந்தாள். மருமகள் கஞ்சியோடு வந்து நின்றால் முகம் சுவரில் இருக்கும். முதுகு துடைத்தால் சுவரில் இருக்கும். "அத்தை" என்று கூப்பிட்டால், "யாரு, யாரு கூப்புடுறது?" என்று சுவரைக் கேட்பாள். புருஷனிடமும் மகனிடமும் மட்டும் நேராக முகம் பார்த்துப் பேசினாள்.

"சொன்ன சொல்லு மாறாதவ" என்றாள் பக்கத்து வீட்டுக் காசியம்மா. பகலில் ஆரோக்கியசெல்வி வேலைக்குப் போயிருக்கும்போது துணைக்கு இருப்பவள் அவள்தான். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பாதி உடம்பு போன பிறகும் சத்தியத்தைக் காப்பாற்றுகிறாள் என்றால் சும்மாவா?

சாப்பாடு இன்னொரு கொடுமை. ஆரோக்கியசெல்வி தட்டில் வலப்பக்கம் சோறு வைப்பாள், இடப்பக்கம் தொட்டுக்கொள்ள வைப்பாள். குஞ்சம்மா சோற்றை மட்டும் சாப்பிடுவாள். கருவாடு போட்ட கத்தரிக்காயும், கருக்களாச்சேரியிலிருந்து வந்த இறாலை வாங்கி வறுத்ததும் வைத்தது வைத்தபடி திரும்பி வரும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. "தொட்டுக்க ஒண்ணுமில்லாம வெறுஞ்சோத்தப் போடுறாங்க, கேக்க ஆளில்ல" என்று புருஷனிடம் புகார் வேறு. கருப்பையன் தட்டைப் பார்ப்பார், மருமகளைப் பார்ப்பார், வெற்றிலை மடிப்பார்.

எல்லாவற்றையும்விட வலித்தது அந்தக் கை விஷயம்தான். ஒருநாள் விழுந்த கைக்கு எண்ணெய் நீவிக்கொண்டிருந்தபோது குஞ்சம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இந்தப் புள்ளையோட கைய எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. எந்நேரமும் எம்மேல கெடக்கு. கனக்குது."

ஆரோக்கியசெல்வி கையை எடுத்துக்கொண்டாள். அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

ஆறாவது மாதத்தில் திருமலைராயன்பட்டினத்திலிருந்து அம்மா செல்வம்மாள் வந்தாள். கூடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். மகளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனாள்.

"அடுத்த மாசம் வளைகாப்பு வச்சுக் கூட்டிட்டுப் போறேன். பெத்து எடுத்துக்கிட்டு மறுபடியும் இந்தச் சுவத்து முன்னால வந்து நிக்கணும்னு ஒனக்கு என்ன தலையெழுத்து? மாப்பிள்ளைய அங்க வரச் சொல்லு. நம்ம வீட்டுல எடமா இல்ல?"

"இவங்கள யாரும்மா பாக்குறது?"

"பாக்கக் கூடாதுன்னு சத்தியம் பண்ணினது அவங்கதானே."

வளைகாப்புக்குள் அத்தை ஒரே ஒரு தடவை தன் முகத்தைப் பார்த்துவிட்டால் பிள்ளையோடு இங்கேயே திரும்பி வருவது, இல்லாவிட்டால் அம்மா வீட்டோடு இருந்துவிடுவது என்று ஆரோக்கியசெல்வி மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரமே ஒரு சின்ன விஷயம் நடந்தது. தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் காசியம்மா ஈ விரட்டுகிறேன் பேர்வழி என்று தட்டைத் திருப்பி வைத்துவிட்டாள். கறி வலப்பக்கம் வந்துவிட்டது. ஆரோக்கியசெல்வி திரும்பி வந்து பார்த்தால், குஞ்சம்மா இறாலை ஒன்றுவிடாமல் தின்றுவிட்டு, "இன்னிக்குத்தான் மனுசன் திங்கிற சோறு. வறுத்த கைக்கு வளையல் போடணும்" என்கிறாள். இடப்பக்கத்தில் சோறு அப்படியே இருக்கிறது. "சோறு எங்க?" என்றும் கேட்கிறாள்.

ஆரோக்கியசெல்வி தட்டை மெதுவாக மறுபடியும் திருப்பினாள். "இந்தா இருக்கே" என்று குஞ்சம்மா சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

கோபம் என்றால் கத்தரிக்காயிடமும் சோற்றிடமுமா இருக்கும்? ஆரோக்கியசெல்விக்கு அன்று இரவெல்லாம் தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை வாடகைக் கார் வைத்துக் காரைக்காலில் டாக்டர் குஞ்சிதபாதத்திடம் அத்தையைக் கூட்டிப் போனார்கள். மெட்ராசில் நரம்பு வைத்தியம் படித்துவிட்டு வந்து புதிதாகக் கிளினிக் வைத்திருந்தவர். குஞ்சம்மாவின் முன் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை நீட்டிக்கொண்டார்.

"என் மூக்கையே பாருங்கம்மா. எந்த விரல் ஆடுதுன்னு மட்டும் சொல்லுங்க."

வலப்பக்கத்து விரலை ஆட்டினார். "இந்தா, இது." இடப்பக்கத்து விரலை மட்டும் ஆட்டினார். கொஞ்ச நேரம் யோசித்து, "அந்தாண்ட ஏதோ ஆடுது" என்றாள். இரண்டையும் சேர்த்து ஆட்டினார். "இதுதான்" என்று வலப்பக்கத்தை மட்டும் காட்டினாள். எத்தனை தடவை சேர்த்து ஆட்டினாலும் வலப்பக்கம் மட்டும்தான்.

டாக்டர் அவளுடைய விழுந்த கையைத் தூக்கினார். "இது யாரு கை?"

"எம் மருமவ கை. எந்நேரமும் எம்மேல போட்டுக்கிட்டே கெடக்கும்."

பின்னால் நின்றிருந்த ஆரோக்கியசெல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருப்பையனும் தியாகராசனும் குஞ்சம்மாவைக் காருக்குத் தூக்கிப் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"கண்ணுல கோளாறா டாக்டர்?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. தனியா ஆட்டினப்ப தெரிஞ்சுதே. அடிபட்டது மூளையோட வலது பாதி. உடம்போட இடப்பக்கத்துக்கு அதுதான் பொறுப்பு. அதனால கை கால் விழுந்துடுச்சு. அதைவிடப் பெரிய வேலை ஒண்ணு அதுகிட்ட இருந்துச்சு, கவனிக்கிற வேலை. மூளையோட இடது பாதி பெரும்பாலும் வலப்பக்கத்த மட்டும்தான் கவனிக்கும். வலது பாதி ரெண்டு பக்கத்தையும் கவனிக்கும். இடது கெட்டா வலது சமாளிச்சுக்கும். வலது கெட்டா, இடப்பக்கத்துக்குக் கேக்க ஆளில்ல. அவங்களுக்கு இடப்பக்கம்னு ஒண்ணு உலகத்துலயே இல்லாத மாதிரி. தட்டுல பாதி, அறையில பாதி, சொந்தக் கைகூட."

ஆரோக்கியசெல்விக்கு எக்ஸ்சேஞ்ச் நினைவுக்கு வந்தது. போர்டில் அவளும் மஹ்பூபாவும் உட்காருவார்கள். புதிதாகச் சேர்ந்த மஹ்பூபா நாகப்பட்டினம் லைனை மட்டும் பார்ப்பாள். ஆரோக்கியசெல்வி எல்லா லைனையும் பார்ப்பாள். மஹ்பூபா லீவு போட்டால் ஒன்றும் ஆகாது. ஆரோக்கியசெல்வி போட்டால் நாகப்பட்டினம் தவிர மற்ற விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். மறுநாள் போன் செய்பவர்களெல்லாம் "வேணும்னே எடுக்க மாட்டேங்குறீங்க" என்று சண்டைக்கு வருவார்கள்.

"லைன் நல்லாத்தான் இருக்கு. சீட்டுலதான் ஆளில்ல" என்றாள்.

டாக்டர் சிரித்தார். "அப்படியும் சொல்லலாம். ஒரு வித்தியாசம் உண்டு. ஒங்க போர்டுல சீட்டு காலியானா காலிதான். மூளையில பக்கத்துல இருக்கிறது மெதுவா அந்த வேலையும் கத்துக்கும், எல்லாருக்கும் இல்லன்னாலும் நிறைய பேருக்கு. முதல்ல வலப்பக்கமா போய்ப் பேசுங்க. பழகின பிறகு கொஞ்சம் கொஞ்சமா இடப்பக்கம் கூப்புடுங்க. சத்தம் குடுங்க. திரும்புவாங்க."

வாசல் வரை போனவள் நின்றாள். "அவங்க என் முகத்தப் பாக்குறதில்லைன்னு கோயில்ல சத்தியம் பண்ணியிருக்காங்க. இப்ப பாக்காதது சத்தியமா, வியாதியா?"

"வியாதியத்தான் நான் சொல்ல முடியும். சத்தியம் மூளையில எந்த எடத்துல இருக்குன்னு யாருக்கும் தெரியாதும்மா" என்றார் அவர்.

தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்தி, வலப்பக்கம் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆரோக்கியசெல்வி மறுநாள் செய்யவில்லை. அதற்கு மறுநாளும் செய்யவில்லை. தட்டை மட்டும் கறி வலப்பக்கம் வரும்படி வைத்தாள். பாதி சாப்பிட்டதும் திருப்பினாள். தியாகராசனுக்குக்கூட வியாதியைப் பற்றிச் சொன்னாளே தவிர, கட்டிலைப் பற்றிச் சொல்லவில்லை.

பயம்தான், வேறென்ன. இடப்பக்கத்தில் நிற்கும்வரை 'வியாதி' என்று சொல்லிக்கொள்ளலாம். வலப்பக்கம் போய் நின்று, அங்கேயும் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அதன்பிறகு சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. தினமும் நூறு பேருக்கு லைன் போட்டுக் கொடுப்பவளுக்கு நாலடி நடந்து தன் லைனைப் போட்டுக்கொள்ளத் துணிச்சல் வரவில்லை.

வளைகாப்பு நாளும் வந்துவிட்டது. செல்வம்மாள் சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினாள். கூடத்தில் இடமிருந்தது வாசல் பக்கம்தான் என்பதால் மணையை அங்கேயே போட்டார்கள். ஆரோக்கியசெல்வி சந்தனம் பூசி, பூ வைத்து, அத்தையின் இடப்பக்கத்திலேயே உட்கார்ந்தாள். குஞ்சம்மாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முகம் வழக்கம்போலச் சுவரில். வளையல் தட்டு ஒன்றைக் கருப்பையன் வாங்கிக் கட்டிலில் சுவரோரமாக வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். கூட்டத்தில் யாராவது மிதித்து உடைத்துவிடுவார்கள் என்று அவருக்குக் கவலை.

காசியம்மா முதலில் வேப்பிலைக் காப்புப் போட்டாள். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சிவப்பும் பச்சையும் போட்டார்கள். கடைசியில் செல்வம்மாள் கட்டிலைப் பார்த்தாள்.

"சம்பந்தியம்மா போட மாட்டாங்களா?"

"அதான் சத்தியம் பண்ணியிருக்காளே. வற்புறுத்த வேணாம்" என்றாள் காசியம்மா தாழ்ந்த குரலில். ஆரோக்கியசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள். சாப்பிட்டுவிட்டு அம்மாவோடு கிளம்ப வேண்டியதுதான்.

அப்போது கட்டிலில் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். குஞ்சம்மா சுவரோரத் தட்டிலிருந்து வளையல்களை எடுத்திருந்தாள். வலது கை தன் மடியைத் தாண்டி மெல்லத் தடவிக்கொண்டு போயிற்று. இடது கையைக் கண்டுபிடித்தது. ஐந்து விரலையும் சேர்த்துக் குவித்து, வளையற்காரி மாதிரி, அந்தச் செத்த கையில் ஒரு வளையலை ஏற்றினாள். முகம் மட்டும் சுவரைத்தான் பார்த்தது.

"ஏண்டி, கை இப்படிச் சில்லுன்னு கெடக்கு? புள்ளத்தாச்சிப் பொண்ணு ஒழுங்காச் சாப்புட வேணாமா?" என்றாள் அந்தக் கையிடம். "எத்தன மாசமா பக்கத்துலயே இருக்க. கஞ்சி குடுக்குற, எண்ணெய் தேய்க்கிற, கையக்கூட எம்மேல போட்டு வச்சிருக்க. முகத்த மட்டும் காட்ட மாட்டேங்குற. நான் ஏதோ கோவத்துல சொன்னா நீயும் அப்படி வைராக்கியம் புடிப்பியா? கெழவி செத்தப்புறம்தான் எம் முன்னாடி வருவியா?"



"ஏக்கா, சத்தியம்?" என்று காசியம்மாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சூடத்த அணைச்சவ நானு. அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ ஒஞ்சோலியப் பாரு."

ஆரோக்கியசெல்வி எழுந்தாள். கண்ணீரில் வழி தெரியவில்லை. தான் ஒளிந்துகொண்டிருப்பதாக அத்தை நினைத்திருக்கிறாள். தான் இந்தப் பக்கம் காத்திருந்த நாளெல்லாம் அவளும் அந்தப் பக்கம் காத்திருந்திருக்கிறாள். கால்மாட்டுக்கு வந்தபோது கருப்பையன் முக்காலியை விட்டு எழுந்தார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் மருமகளுக்காக எழுந்து அவள் பார்த்ததில்லை. எழுந்தவர் கட்டிலின் காலைப் பிடித்து ஒரே இழுப்பாகச் சுவரை விட்டு இழுத்தார். முக்காலியை அந்த இடைவெளியில் தள்ளி, "உக்காரும்மா" என்றார்.

அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். குஞ்சம்மாவின் கண்ணுக்கு நேராக இப்போது சுவர் இல்லை. அவள் பார்த்தாள். சந்தனம் பூசிய கன்னத்தையும், அழுத கண்ணையும், வயிற்றையும் நிதானமாக, அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

"வந்துட்டியா" என்றாள். "கறுத்துப் போயிட்ட."

"அந்தப் பக்கந்தான் அத்தை நின்னுக்கிட்டிருந்தேன். தெனமும்."

"எந்தப் பக்கம்?"

ஆரோக்கியசெல்வி எட்டி, குஞ்சம்மாவின் இடது கையைத் தூக்கி, மடியைத் தாண்டி வலப்பக்கம் கொண்டுவந்து கண்ணுக்கு முன்னால் வைத்தாள். அதில் பச்சை வளையல் இருந்தது. "இந்தக் கை பக்கம். இது என் கை இல்ல அத்தை, ஒங்க கை. என் கை இந்தா இருக்கு."

குஞ்சம்மா அந்தக் கையைப் பார்த்தாள். மருமகளின் இரண்டு கைகளையும் பார்த்தாள். வளையல் போட்ட கையின் சுண்டுவிரலில் தனக்கு எப்போதோ பட்ட அரிவாள் தழும்பைத் தடவினாள். அவளுக்கு நம்பிக்கை வர நேரம் எடுத்தது. வந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"அப்ப எனக்கு நானே வளைகாப்புப் பண்ணிக்கிட்டேனா?"

காசியம்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் கூடமே சிரித்தது. செல்வம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆரோக்கியசெல்வி அந்த வளையலைக் கழற்றப் போனபோது குஞ்சம்மா தடுத்தாள். "கெடக்கட்டும். சத்தம் கேட்டாலாவது இது எங்க இருக்குன்னு தெரியும். நீ கையக் குடு." மிச்ச வளையல்களை மருமகளின் கைகளில் அவளே போட்டாள். ஒரு கையால் போடச் சிரமமாகத்தான் இருந்தது. யாரையும் உதவிக்கு விடவில்லை. பிடிவாதம் எங்கே போகும்?

சாப்பாடு முடிந்து கிளம்பும் நேரத்தில் மழை தூறி விட்டிருந்தது. தியாகராசன் தட்டுகளைக் காரில் ஏற்றினான். செல்வம்மாள் மகளின் காதில், "அப்ப பெத்து எடுத்துக்கிட்டு எங்க?" என்று கேட்டாள்.

"இங்கதாம்மா."

வாசற்படிக்கு வந்த ஆரோக்கியசெல்வி திரும்பி நின்றாள். அது கட்டிலுக்கு இடப்பக்கம். "போயிட்டு வரேன் அத்தை" என்றாள். குஞ்சம்மா முக்காலியைப் பார்த்தபடி, "எங்க, எங்கேருந்து பேசுற?" என்றாள்.

ஆரோக்கியசெல்வி இரண்டு கைகளையும் தூக்கி, வளையல் எல்லாம் குலுங்க ஆட்டினாள். குஞ்சம்மாவின் தலை அசைந்தது. முக்காலியிலிருந்து கால்மாட்டுக்கு வந்தது. வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றது. ஆரோக்கியசெல்வி மறுபடியும் ஆட்டினாள். கை வலித்தது. விடாமல் ஆட்டினாள். பாரம் இழுப்பவள் மாதிரிக் கழுத்து நரம்பு புடைக்க, முகம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம்.

"பாத்து எறங்குடி" என்றாள் குஞ்சம்மா. "வாசப்படியெல்லாம் தண்ணியா கெடக்கு."